எருக்கங்கிளை நட்ட கரை

படிக்கத் தெரியாத உனக்குக் காகிதத்தில் எழுதுவது பிழைதான், அக்கா. பொறுத்துக்கொள். வாயால் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இன்று காலை மாட்டுவண்டிக்கு வழிவிட்டுப் பள்ளிக்கூட வேலியோரம் ஒதுங்கியபோது எருக்கங்கிளை ஒடிந்து அதன் பால் விரலில் பிசுபிசுத்தது. எத்தனை முறை கழுவியும் வாடை போகவில்லை. பாடம் நடத்த முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாம் ஓட்டிய சைக்கிள், சீமைக்குத் திரும்பிய பள்ளிக்கூடத் துரைசானி எனக்கு விட்டுப்போனது. பி.ஏ. முடித்து நான் வேலைக்குச் சேர்ந்ததும், தனியாகப் போகக் கூடாதென்று அம்மா உன்னைத் துணைக்கு அனுப்பினாள். கால்வாய்க் கரையில் மாறி மாறி ஓட்டினோம். நான் பயந்து பயந்து மிதிப்பேன். நீ இரண்டே நாளில் பழகிவிட்டு எனக்குச் சட்டம் சொன்னாய். தண்ணீர்ப் பக்கம் ஒட்டாதே, வளைவுக்கு முன்னால் மணியடி, மாடு வந்தால் இறங்கு, குளிக்கும் துறையில் உருட்டிக்கொண்டு நட.

துறையில் துணி துவைத்த பெரியம்மை ஒருத்தி, "ஏட்டி, உன் குதிரைக்குக் கொள்ளு வச்சியா?" என்றாள்.

"வச்சேன் பெரியம்மை, திங்க மாட்டேங்கு. உங்க கையால குடுத்துப் பாருங்க" என்றாய். துறை முழுக்கச் சிரித்தது.

ஒருத்தி ஓட்ட, மற்றவள் முன்னால் நடந்து முள் பொறுக்குவோம். "நல்லாப் பாத்துப் பொறுக்குட்டி. டயரு போச்சுன்னா உன் பி.ஏ. வந்து ஒட்டுமா?" என்பாய்.

மழைக்குப் பிந்திய அந்த நாளில் கால்வாய் கரை தொட்டு ஓடியது. பாதை நடுவே ஓர் எருக்கங்கிளை நின்றது. முள்ளோடு முள்ளாக அதையும் பிடுங்கி வயலில் எறிந்தேன். எட்டு வயதிலேயே படிக்க விடுதிக்குப் போனவள் நான். நண்டு வளையால் கரை உள்ளே பொள்ளலானால், மடை பார்க்கும் நீர்பாய்ச்சி யாரும் மிதிக்காதிருக்க அடையாளமாக அங்கே எருக்கு நடுவார் என்று ஊருக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது. என் நடையைத் தாங்கிய மண் உன்னையும் சைக்கிளையும் தாங்கவில்லை. சேலை சங்கிலியில் சிக்கியிருந்தது. வெள்ளம் சைக்கிளோடு இழுத்துப்போய், அடுத்த மடையில்தான் உன்னை எடுத்தார்கள்.

உன்னைக் கிடத்திய இடத்திலேயே நீர்பாய்ச்சியை விசாரித்தார்கள்.

"நட்டேன் அண்ணாச்சி. என் பிள்ளைங்க மேல ஆணையா நட்டேன்."

"நட்ட கிளை எந்திரிச்சு நடந்தா போச்சு வே?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பத்தடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அத்தனை ஆண்கள் நடுவே பேசிப் பழக்கமில்லை என்று இத்தனை மாதங்களாக எனக்கு நானே சமாதானம் சொல்லிவருகிறேன்.

மடை வேலையை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். வேறு வேலைக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. அம்மா அவர் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அதே கையால்தான் எனக்குச் சோறு போடுகிறாள். நாளை அவர் குடும்பத்தோடு தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டத்துக்குப் போகிறார். உன் சிரிப்பு எனக்குச் சரியாக நினைவுக்கு வருவதில்லை, அக்கா. அவர் சொன்ன 'நட்டேன்' மட்டும் காதைவிட்டுப் போவதில்லை.

அம்மா அடுப்படியில் இருக்கிறாள். முதலில் அவளிடம், பிறகு அவர் வீட்டுக்கு. உன்னிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நீ மன்னித்துவிட்டாய் என்று தோன்றினால் நான் இன்றும் பேசாமல் இருந்துவிடுவேன். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை என்னை மன்னிக்காதே.