சிம்னி இல்லாத எண்ணூர்

ஜனவரி 8, வியாழன்

பனி. எதிர்வீட்டு மாடிகூட மங்கல். தலைக்கு ஊற்றியது தப்பு, காலையிலிருந்து தும்மல்.

ஓவியக் கல்லூரியில் இறுதியாண்டு வேலை கொடுத்துவிட்டார் சார்: ஒரு கடலோர ஊருக்கு ஆட்களை வரவழைக்கும் போஸ்டர். அதற்கு முன் கேலரியில் கடல் படங்கள் பார்த்துக் குறிப்பு எடுக்க வேண்டும். வகுப்பில் ஒரே ஒரு போஸ்டர்தான் பிப்ரவரியில் கேலரிச் சுவருக்குப் போகும். ஃபரிதா மகாபலிபுரம். பாதிப் பேர் பாண்டிச்சேரி. நான் எங்கள் எண்ணூர் என்றதும் பின்பெஞ்சில் சிரிப்பு. சார் சிரிக்கவில்லை. "துணிச்சல்தான். யாரும்மா வருவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சுவர் எனக்கு வேண்டும். இங்கே எழுத என்ன வெட்கம். சிரித்தவர்கள் எல்லாம் எங்கள் ஊரை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

டோல்கேட்டில் பஸ் மாறி கேலரி. உள்ளே ஏசி. பார்க்க வந்தது நான் ஒருத்திதான். வாசலில் செக்யூரிட்டி, மணலி புதுநகர்க்காரர்.

"படம் வாங்க வந்தியா, பாக்க வந்தியா?"

"பாக்க."

"அப்ப நிதானமா பாரு. யாரும் வர்றதில்ல."

எதற்கு என்று சொன்னேன். "எண்ணூரா? அங்க இன்னா கீதுன்னு போஸ்டரு போடற?" நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

குறிப்பு:
- கடல் படம் பதினொன்று.
- வானம் முக்கால் பங்கு.
- படகு ஒன்று, அதுவும் காலி. வலை இல்லை, ஆள் இல்லை.
- எல்லாரும் கரையில் நின்று கடலைப் பார்த்தே வரைந்திருக்கிறார்கள்.
- பின்னால் எதுவும் நிமிர்ந்து நிற்கக் கூடாது போல.
- தைலம் வாங்க வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

நாள் முழுக்க வரைந்தேன். முகத்துவாரம், அண்ணனின் ஃபைபர் போட், பின்னால் அனல்மின் நிலையத்தின் மூன்று சிம்னி. சிம்னிகள்தான் கண்ணை உறுத்தின. முதலில் ஒன்றை அழித்தேன். மீதி இரண்டும் ஓட்டைப்பல் மாதிரி தெரிந்தன. மூன்றையும் எடுத்துவிட்டேன். மணலையும் கொஞ்சம் வெளுப்பாக்கினேன். அழகு! கேலரியின் பன்னிரண்டாவது கடல் படம் என்று சொல்லலாம்.

அம்மா மீன் விற்று வந்து, கை கழுவாமலே எட்டிப் பார்த்தாள். "ஷோக்கா கீதும்மா. எந்த ஊரு?"

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 12, திங்கள்

சார் பார்த்தவுடன், "இதுதான்" என்றார். சுவருக்கு என்னுடையது! 19ஆம் தேதி இறுதிப் பிரதி கொடுத்தால் போதும். ஃபரிதா கட்டிப்பிடித்தாள், கொஞ்சம் பலமாகவே.

சாப்பிடும்போது அண்ணனுக்குப் போனில் காட்டினேன். சோற்றுக் கையோடு பெரிதாக்கிப் பார்த்தான்.

"சிம்னி எங்கமே?"

"நல்லா இல்ல, எடுத்துட்டேன்."

"அத்த வச்சித்தான் நாங்க கடல்லேர்ந்து திரும்பிகினு இருக்கோம். ரெண்டாவது சிம்னியும் தண்ணி டாங்கியும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து நின்னா நம்ம குப்பம். இத்த பாத்துகினு வந்தா நான் நேரா பாண்டிச்சேரிக்குத்தான் பூடுவேன்."

"போன்ல மேப் இருக்கில்ல?"

"போனு நனையும். சிம்னி நனையுமா?"

நீ மீனைப் பார், நான் படத்தைப் பார்க்கிறேன் என்றேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

ஜனவரி 14, புதன். போகி

 

பொங்கல் விற்பனைக்காக அண்ணனும் அவனோடு போட்டில் போகிற குமாரும் விடியுமுன்னே கடலுக்குப் போயிருந்தார்கள். ஏழுக்குத் திரும்ப வேண்டும். எட்டு. ஒன்பது. பனியோடு போகிப் புகையும் சேர்ந்து தெருக்கோடி தெரியவில்லை. காற்று துளியும் இல்லை. அண்ணன் போன் அணைந்திருந்தது. துறைமுகத்துக்குப் போகிற பெரிய கப்பல்களின் பாதை பக்கத்தில்தான். அதில் மாட்டினால் ஃபைபர் போட் என்ன ஆகும் என்று கரையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

திரும்பி ஊரைப் பார்த்தேன். சிம்னி மூன்றும் இல்லை. வெறும் வெளுப்பு. நான் வரைந்தது போலவே இருந்தது. 

அம்மாதான் ஆரம்பித்தாள். யார் வீட்டுப் போகி மேளத்தையோ பிடுங்கி, கடலைப் பார்த்து அடித்தாள். பிறகு குப்பமே அடித்தது. மேளம், தகரம், அண்டா. நான் மீன் கூடையின் அலுமினியத் தட்டை அடித்தேன். கை வீங்கிவிட்டது.

பத்தே காலுக்கு போட் வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் கிடந்தார்களாம். மேளம் கேட்ட பக்கமாக மெல்ல வந்தார்களாம்.

அழுதேன். எல்லார் முன்னாலும். அண்ணன் தலையில் தட்டினான். "இன்னாமே, உன் படத்துக்குள்ள மாட்டிகினோம். வா, பசிக்குது."

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல்

பீச்சில் கூட்டம். நான் போட்டில். பொம்பளப் பிள்ளைக்கு போட்டில் என்ன வேலை என்று அம்மா முணுமுணுத்தாள், ஆனால் எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினாள். இரண்டு முறை வாந்தி.

அண்ணன் எஞ்சினை அணைத்து, "இப்ப பாரு" என்றான். இரண்டாவது சிம்னி மெதுவாக நகர்ந்து டாங்கிக்கு மேலே வந்து நின்றது. அவ்வளவுதான், ஊர் வந்துவிட்டது. இருபத்தொரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. கேலரியின் பதினொரு கடல் படங்களை வரைந்தவர்களும் பார்த்ததில்லை.

ஈரக் காகிதத்திலேயே வரைந்தேன்.

ஜனவரி 19, திங்கள்

புதியதைக் கொடுத்தேன். கடலிலிருந்து கரை. மூன்று சிம்னி, டாங்கி, குப்பம். கீழே ஒரே வரி: "இதைப் பார்த்துத்தான் வீட்டுக்கு வருகிறோம். நீங்களும் வாருங்கள்."

சார் வெகுநேரம் பார்த்தார். "வரைஞ்சது நல்லாருக்கு. ஆனா போஸ்டர்ல சிம்னிய வச்சா யாரும் வரமாட்டாங்கம்மா. பழசைக் கொடு, சுவர் உனக்குத்தான்."

நாலு மணி வரை நேரம் கொடுத்தார். பழையது பைக்குள்ளேயே இருந்தது. ஜிப்பை இரண்டு முறை திறந்தேன். மூன்றே முக்காலுக்குப் போய், புதியதுதான் சார் என்றேன்.

சுவருக்கு ஃபரிதாவின் மகாபலிபுரம். வாழ்த்தினேன். பொறாமை, நிறைய. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தேன்.

சார் திருப்பிக் கொடுத்த புதிய போஸ்டரை வீட்டில் தரையில் விரித்ததும் அம்மா குனிந்தாள். இந்த முறை எந்த ஊர் என்று கேட்கவில்லை. டாங்கிக்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கம் விரலை வைத்தாள்.

"நம்ம வூடு இங்க. உட்டுட்டியே, போடு."

விரல் வைத்த இடத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருக்கிறது. அங்கேதான் வரைய வேண்டும்.