இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் அதிகம்

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவன் கருணையில் இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முட்டிவலியும் எங்களோடு சுகமாகத்தான் இருக்கிறது. நீயும் காரும் ஒரு கீறல் இல்லாமல் எல்லை தாண்டிப் போய்ச் சேர்ந்ததற்குக் காலையும் மாலையும் நன்றி சொல்லிக் கும்பிடுகிறேன். தன்னந்தனியாக ஆறு நாள் கார் ஓட்டிக்கொண்டு போவதா என்று நான் குதித்ததை மறந்துவிடு. கீழ்வீட்டுத் தையல்காரி, "பொண்ணுதான் போய்ச் சேர்ந்துட்டாளே, இனிமேலாவது கண்ணை மூடித் தூங்குங்கக்கா" என்கிறாள். மூன்று மாதத்துக்கு எடுத்த அறைதானே என்று இராமல் ஜன்னலுக்குத் திரை போடு, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷினைப் பழுதுபார்க்கப் பிரிக்கும்போது வளையலைக் கழற்றி வை, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தினமும் சாயங்காலம் கார் மீட்டரில் இருக்கும் எண்ணைப் போனில் சொல்ல வேண்டும் என்று சொல்லித்தானே அனுப்பினேன், நீயும் தவறாமல் சொன்னாய், நானும் நோட்டில் எழுதி வந்தேன். நேற்று மதியம் உட்கார்ந்து, நீ எழுதிக்கொடுத்த வழியோடு ஒத்துப் பார்த்தால் நான்காம் நாள் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் அதிகம். அன்றைக்கு நீ, "ஒரே மழைம்மா, பாதி நாள் ஓரமா நின்னுட்டேன்" என்றாய். நின்ற கார் எப்படியடி ஓடும்? மூன்று தரம் கூட்டினேன். பிறகு சாலை வரைபடத்தை விரித்து நூல் வைத்து அளந்தேன். நீ போன சாலையிலிருந்து பிரிந்து நூறு கிலோமீட்டரில் உன் அண்ணன் இருக்கிற ஊர். போக நூறு, வர நூறு. அம்மாவிடம் பொய் சொல்லத் துணிந்தவளுக்கு எண்ணை மாற்றிச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை பார், அது என் வளர்ப்பு.

எனக்குக் கோபம் இல்லை. சொல்லாதே என்று அவன் சத்தியம் வாங்கியிருப்பான், நீயும் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். "உங்க பட்டறையில என்னால மூச்சு விட முடியலப்பா" என்று சண்டை போட்டுக்கொண்டு அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் அவன் பேச்சைச் சாமியிடம் மட்டும்தான் எடுக்க முடிகிறது. இளைத்திருக்கிறானா, அந்த இருமல் விட்டதா, யார் சமைக்கிறார்கள், எல்லாவற்றையும் விவரமாக எழுது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நோட்டையும் வரைபடத்தையும் அவர் முன்னால் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். இடி விழப்போகிறது என்று காத்திருந்தால் சத்தமே இல்லை. எட்டிப் பார்க்கிறேன், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அவரும் நூலால் அளந்துகொண்டிருக்கிறார். "வளைவையெல்லாம் விட்டுட்டு நேரா இழுத்திருக்கே, அதான் உனக்குப் பன்னெண்டு குறையுது" என்று என்னைத் திட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே, "அந்த ரோட்டுல நம்ம பட்டறை வேன் போகுமான்னு கேட்டு எழுதச் சொல்லு" என்றார். இன்று காலை வேன் பிரேக்கைப் பார்க்க மெக்கானிக்கும் வந்துவிட்டுப் போனார்.

எங்கே இருந்தாலும் தெய்வம் உன் கூடவே இருக்கட்டும், நல்லபடியாக இரு. வேன் போகுமா என்பதற்கு உனக்குப் பதில் தெரிந்தாலும் நீயாக எழுதிவிடாதே. அண்ணனிடம் கேள், அவன் என்ன சொல்கிறானோ அதை அப்படியே எழுது.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா