உன் அம்மா கரடியிடம் கேட்டது

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் சௌக்கியம், என் கால்சட்டைக்கு மட்டும் சௌக்கியம் போதவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காட்டுப் பாதையில் குறுக்கே விழுந்து கிடந்த மரத்தை இளவட்டம் மாதிரி தாண்டப் போய்ப் பின்பக்கம் டர்ரென்று கிழிந்துவிட்டது, மிச்சத் தூரம் முழுக்க உன் அம்மாவின் பூப்போட்ட சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடந்தேன். எதிரே வந்தவர்கள் மரியாதையாக வழிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய்ச் சிரித்தார்கள். இந்த வயதில் காடு ஒரு கேடா என்பாய். எல்லாம் கீழ்வீட்டுப் பல் டாக்டரின் யோசனை. உன் பேச்சை எடுத்தாலே இவள் வாயைத் திறப்பதில்லை என்று புலம்பினேன், லீவு போட்டுட்டுக் காட்டுப் பக்கம் நடக்கக் கூட்டிட்டுப் போங்க சார், தானா பேசுவாங்க என்றார். வாயைத் திறக்க வைப்பதுதானே அவர் பிழைப்பு, நம்பிவிட்டேன்.

நீ கிளம்பிய அன்று டாக்சி வாசலில் வந்து நின்ற பிறகுதான் வெளிநாட்டு வேலையைப் பற்றி அவளிடம் சொன்னாய். அன்றிலிருந்து உன் போன் வந்தால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள், நானும் அம்மா குளிக்கிறாள் என்கிறேன். ஒரு மனுஷி இத்தனை தடவை குளிப்பாளா என்று நீ கேட்டதே இல்லை, உனக்கும் புரிந்துதான் இருக்கும். காட்டிலும் அதே கதைதான். அவள் முன்னால் விறுவிறுவென்று நடக்க, நான் பின்னால் இரைத்துக்கொண்டே உன் பேச்சை எடுத்தேன், அந்தக் காளானைத் தொடாதீங்க என்றாள். மறுபடி எடுத்தேன், சால்வை முடிச்சு அவிழுது பாருங்க என்றாள்.

காடு முடிகிற இடத்தில் கம்பி வேலி போட்டு மிருகங்களை வைத்திருக்கிறார்கள். மான் இருந்தது, ஆந்தை தூங்கியது, பிள்ளைகள் என் சால்வையைத்தான் பார்த்தார்கள். கடைசியில் கரடி. பாறை மேல் முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள், இவள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்று, மெதுவாக, சாப்பிட்டியா என்று அதைக் கேட்டாள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறிவாயே, அப்போது கேட்கிற அதே குரல். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இதுதான் சமயமென்று, நம்ம பொண்ணுகிட்டயும் இந்த ஒரு வார்த்தை கேட்டுடேன், நான் போன் போட்டுத் தர்றேன் என்றேன். அவள் திரும்பவே இல்லை.

“இதுகிட்ட கேட்டா எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அவகிட்ட கேட்டு, அவ இல்லம்மான்னு சொல்லிட்டா, நான் இங்கேர்ந்து என்ன பண்ணுவேன்?”

ஊர் திரும்பினோம், ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தது, குழாய் திறந்தது, உனக்கும் கேட்டிருக்கும். இனி அவளை மாற்ற முடியும் என்று நான் நினைக்கவில்லை கண்ணு, நீயும் எதிர்பார்த்து ஏங்காதே. போன் போடுவதை மட்டும் நிறுத்திவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, பிடிக்காத வேலையைப் பிடித்திருக்கிறது என்று எனக்காகச் சொல்லாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். பல் டாக்டரும் உன்னை விசாரித்தார், அவரோடு நான் இப்போது பேசுவதில்லை.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா

பி.கு.: அது சிமெண்ட் கரடியாம். நிஜக் கரடியை வைத்தியத்துக்கு எங்கோ அனுப்பியிருக்கிறார்கள், பிள்ளைகள் ஏமாறக் கூடாதென்று பொம்மையை வைத்திருக்கிறார்கள், வாசலில் டிக்கெட் கிழிப்பவர் சொன்னார். பெரிய எழுத்தில் பலகையே இருந்ததாம். காரில் வரும்போது உன் அம்மாவிடம் சொன்னேன். வேலிகிட்டப் போனதும் முதலில் அந்தப் பலகையைத்தான் படித்தேன் என்றாள்.