எண்ணெய் மாற்றிய கை

இன்று காலை ராயபுரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் துறைமுகத்துக்குப் போகிற மாட்டு வண்டி ஒன்று நின்றது. அதன் அச்சிலிருந்து கருகிய எஞ்சின் எண்ணெய் வாசனை வந்தது. மோட்டார் சைக்கிளில் ஓடிக் கழித்த எண்ணெயை மாட்டு வண்டி அச்சுக்குப் போடும் வழக்கத்தை இந்தத் தெருக்களில் ஆரம்பித்து வைத்தவன் நீ. கேட் திறந்தும் நான் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் என் பரம்பரையைப் பற்றிச் சில கருத்துகளைத் தெரிவித்தார்கள். உனக்கு எழுதிவிடலாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். நீ இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. பதில் போடாத விஷயத்தில் நீ உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான்.

நாம் இருவரும் கடற்கரைச் சாலைக் கப்பல் கம்பெனியில் ஒரே நாளில் தற்காலிகக் குமாஸ்தாக்களாகச் சேர்ந்தோம். நான் திருவொற்றியூர், என் வீட்டில் பேனா பிடிக்காதவர்களை ஊனமுற்றவர்களாகக் கருதுவார்கள். நீ ராயபுரம் கடலோரக் குப்பம். உன் வம்சத்தில் வலையை விட்டுப் பேனாவைப் பிடித்த முதல் ஆள். பிடித்த கையோடு நீ செய்த காரியம், ஊருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் அவருடைய பந்தய மோட்டார் சைக்கிளை வாங்கியது. கைப்பிடி தாழ்ந்து, ஓட்டுகிறவன் சாலையை வணங்கியபடி போகும் வண்டி. சுதந்திரம் வந்த புதிதில் நாடு வெள்ளையரிடமிருந்து என்னென்னவோ பெற்றுக்கொண்டது. அவற்றில் சொன்னபடி ஓடியது அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

எண்ணெய் மாற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எண்ணூர் வரை போய்த் திரும்புவாய். சூடான எண்ணெய்தான் அழுக்கோடு வடியும் என்பாய். வந்ததும் உன் வீட்டு வாசலில் கோணியை விரித்து மல்லாந்து படுத்து, எஞ்சினுக்கு அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றுவாய். தகர டின்னைப் பிடிப்பது என் வேலை. எண்ணெய் வடிகிற நேரத்தில் அந்தப் போல்ட்டின் செம்பு வாஷரைக் கொண்டுபோய் உன் அம்மா மீன் வறுக்கும் அடுப்பில் போடுவாய். செம்பு இறுகிப்போனால் எண்ணெய் கசியும். சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்றாகி நன்றாக ஒட்டும். "அடுப்புல இன்னாடா போட்டே?" என்று உன் அம்மா கத்துவாள். "மோதிரம்மா, உன் மருமவளுக்கு" என்பாய்.

கழித்த எண்ணெய்க்கு எதிர்வீட்டு வண்டிக்காரர் காத்திருப்பார்.

"நைனா, எண்ணெ எறக்கிட்டியா? என் வண்டி கத்திகினு கீது."

"வண்டி கத்துதா, மாடு கத்துதா?"

"ரெண்டுந்தான். மாட்டு வாயில உன் எண்ணெய ஊத்த முடியாதே."

சிக்கல் ஞாயிற்றுக்கிழமையில் இல்லை, திங்கட்கிழமையில் இருந்தது. நம் தலைமைக் குமாஸ்தாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. திங்கள் காலையில் தற்காலிகக் குமாஸ்தாக்கள் எல்லோரும் அவர் மேஜைக்கு முன் கையை நீட்ட வேண்டும்; பார்த்துவிட்டுத்தான் சரக்குச் சீட்டுகளைக் கொடுப்பார். அவருடைய கைகள் வாசனை சோப்பில் கழுவியவை. அந்த சோப்பு எந்தக் கப்பலில் யார் கொடுத்தது என்று நாம் கேட்டதில்லை. உன் நகக்கண்ணில் இருந்த கறுப்புக் கோடுதான் அவருக்கு உறுத்தியது.

"ஓய், நீர் குமாஸ்தாவா, கரி அள்ளுகிறவரா?" என்றார். "இதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள். வண்டியை மெக்கானிக்கிடம் கொடும். கொஞ்ச நாளில் நிரந்தரம் செய்கிற பட்டியல் போகிறது. நான் சிபாரிசு செய்ய வேண்டாமா?"

வேலை நிரந்தரமாக வேண்டும் என்பது உன்னைவிட உன் அம்மாவுக்குப் பெரிய விஷயம். நீ அவளுக்காகத் தலையாட்டினாய். அடுத்த தடவை வண்டி தண்டையார்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. "வாஷரைச் சுட்டுப் போடணும்" என்று நீ சொன்னதற்கு, "நாங்க பாக்காத வண்டியா சார்?" என்றார்கள். அவர்கள் பார்த்திருக்கலாம்; வாஷரைப் பார்க்கவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு திருப்பத்தில், கசிந்த எண்ணெய் பின் டயரில் பட்டு வண்டி வழுக்கியது. உன் தோள் எலும்பு முறிந்தது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை உன் நகங்கள் அப்பழுக்கில்லாமல் இருந்தன. ஆஸ்பத்திரிக்கு வந்த தலைமைக் குமாஸ்தாவே அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

கட்டுப் பிரித்ததும் நீ முதலில் கேட்டது ஸ்பானர். "வாத்யாரே, ஓட்றவன் உயிரு அந்த போல்ட்டுல கீது. அத வேற எவன் முறுக்கினாலும் எனக்குத் தூக்கம் வராது" என்றாய். பட்டியல் மறுநாள் காலை போகிறது என்று நான் நினைவூட்டினேன். நீ கோணியை விரித்தாய்.

அன்று சாயங்காலம் உன் அம்மா உன் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"உங்கப்பன் கை மாதிரி ஆவக்கூடாதுன்னுதானேடா படிக்க வெச்சேன்? அவரு கையில ரேகையே இல்ல. வலைக் கவுறு தின்னுடுச்சி."

"இதுல ரேகை நல்லாத் தெரியுது பாரும்மா. கறுப்பா."

"பல்ல காட்டாத. நாளைக்கு அந்தாளு வேல இல்லன்ட்டான்னா?"

நகத்தோரம் ரத்தம் கசிந்தது. கறுப்பு போகவில்லை. அவள் கை நின்றது.

"ஏண்டா, இந்தத் தபா போல்ட்ட நீயேதானே முறுக்கினே?"

"நானேதாம்மா."

"ஒழுவலியே?"

"நீயே போய்ப் பாரு."

அவள் எழுந்து போனாள். புடவையைச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தாள். போல்ட்டைச் சுற்றி விரலால் துடைத்து, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. திரும்பி வந்து தேங்காய் நாரைத் தெருவில் எறிந்தாள்.

"போதும். இப்பிடியே போ. இன்னா பண்ணிடுவான், கைய வெட்டிடுவானா?"

மறுநாள் நீ கையை நீட்டவில்லை. தலைமைக் குமாஸ்தாவின் மேஜைமேல் இரண்டையும் விரித்து வைத்தாய், மீன்காரி நல்ல வஞ்சிரத்தை எடுத்துப் போடுவதுபோல.

"என்னய்யா இது? கழுவவில்லையா?"

"கழுவினேன் சார். இவ்ளோதான் போவும்."

"மெக்கானிக்கிடம் கொடுக்கச் சொன்னேனே!"

"குடுத்தேன் சார். எலும்பு போச்சி. அடுத்த எலும்பு நீங்க குடுக்கறீங்களா?"

அவர் எழுந்துவிட்டார். "நீர் குமாஸ்தாவா, மெக்கானிக்கா? இப்போதே சொல்லும்."

"ஞாயித்துக்கெழம மெக்கானிக். மத்த நாள்ல குமாஸ்தா. நான் எழுதின காயிதத்துல ஒரு கறை காமிங்க சார். நானே போயிடறேன்."

அவர் நிஜமாகவே தேடினார். நீ எழுதிய கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கிடைத்தது ஒரு காப்பி வட்டம். நம் மேஜைகளுக்குக் காப்பி வருவதில்லை. அது எந்த மேஜைக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். உன் கைக் கறை கிடைத்திருந்தால் உன்னை மன்னித்திருப்பார். கிடைக்காததால் பட்டியலில் உன் பெயரை அடித்தார்.

எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது, உனக்கு வரவில்லை. கடைசிவரை தற்காலிகக் குமாஸ்தாவாகவே இருந்தாய், ஆபீஸின் மிகச் சிக்கலான சீட்டுகளை எல்லாம் நீயே எழுதிக்கொண்டு. நான் பொருமினால், "வுடு வாத்யாரே. இங்க பர்மனென்ட்டா கீறவன் எவன், சொல்லு" என்பாய். திங்கட்கிழமைகளில் கறுப்பு நகங்களோடு வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாய். கொஞ்ச நாளில் அவர் உன் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அதை அவர் அலட்சியம் என்று நினைத்துக்கொண்டார். நாங்கள் வேறு மாதிரி நினைத்தோம்.

நீ மஞ்சள் காமாலையில் போனாய். துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் "வண்டியிலயா?" என்றே கேட்டார்கள். இல்லை என்றதும் சிலர் முகத்தில் லேசான ஏமாற்றம். விழுந்து செத்திருந்தால் அவர்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! படித்தவன் வண்டிக்கு அடியில் படுத்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை கிடைத்திருக்கும். அந்த உதவியையும் நீ செய்யவில்லை.

வண்டியை விற்றுவிடச் சொல்லி உறவுக்காரர்கள் உன் அம்மாவை அரித்தார்கள். "அது நிக்கற எடத்துல நீங்க யாராவது வந்து நிப்பீங்களா?" என்று கேட்டாள். இப்போது எண்ணெய் மாற்றுவது நான். ஓட்டவும் கற்றுக்கொண்டேன். எண்ணூர் சாலையில் மாட்டு வண்டிகள் என்னை முந்திப் போனதுண்டு. ஒரு வண்டிக்காரர் இறங்கி, உதவி வேண்டுமா என்று கேட்டார். ஆனால் போல்ட்டை முறுக்குவதில் நான் உனக்குக் குறைந்தவனில்லை. என் வீட்டில் இதைப் பற்றி நிலவும் கருத்தை இங்கே எழுதப் போவதில்லை, காகிதம் பற்றாது.

தலைமைக் குமாஸ்தா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு அவர் என் பெயரைச் சொல்லப் போவதாக ஆபீஸில் பேச்சு. போன திங்கட்கிழமை என் முறை வந்தபோது, நிரந்தரமானவன் என்ற உரிமையில் சும்மா கடந்துபோயிருக்கலாம். நின்று, கையை மேஜைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீருமா? என்னய்யா கை இது?"

"என்னுடையதுதான் சார்."

நான் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்து பேனாவைத் திறந்தேன். நாற்காலி வருமோ, வராதோ, தெரியவில்லை. பொங்கல் கழிந்ததும் அடுத்த எண்ணெய் மாற்ற வேண்டும்.