நடத்தியவர் என்ற கட்டம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வட்டக்கச்சிச் சிற்றாலயத்தில் இன்று திருவிருந்து. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் பாதர் மத்தேயு கிளிநொச்சியிலிருந்து அங்கே வருவார். அப்பம் அவர் கையில், கிண்ணம் என் கையில். ஆலய வார்டன் வீரகத்தி ஐயா அப்பத்தை வாங்கினார். என் முன்னால் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு நேரே போய்த் தன் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பேராயர் எனக்குக் கிண்ணம் கொடுக்க அனுமதி தந்து பதினாலு மாதம். பதினாலு மாதமும் இதே கூத்து.

பாதர் வழியில் சிரித்தார். "அண்ணைக்கு வைன் ஒத்துவராது பிள்ளை, விடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பேராயர் அலுவலகத்திலிருந்து படிவம் வந்துவிட்டது! உதவிக்குருவாக விண்ணப்பிக்கலாம். 31க்கு முன் போய்ச் சேர வேண்டும். டிலுசாவை வயிற்றில் வைத்துக்கொண்டு இறையியல் பட்டத்தின் கடைசிப் பரீட்சை எழுதினேன். இந்த ஒரு தாளுக்காகத்தான். பாதரின் பரிந்துரை, சபைக்குழுவின் சம்மதம், நான் நடத்திய ஆராதனைகளுக்கான பதிவேட்டுப் பிரதி - மூன்றும் வேண்டுமாம்.

படிவத்தைப் பாதரிடம் கொடுத்தேன். "செய்வம் பிள்ளை" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

செய்வம் என்றார். செய்யேல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று வட்டக்கச்சியில் நான்தான் நடத்தினேன். முதல் ஞாயிறு தவிர எல்லா ஞாயிறும் நான்தானே. இருபத்தாறு பேர். தகரக் கூரை கொதிக்கிறது. பிரசங்கத்தின் நடுவில் டிலுசா வீரிட்டு அழ, இராசமலர் மாமி பேத்தியை வெளியே வேம்புக்குக் கீழே தூக்கிக்கொண்டு போனார். நான் என்ன வசனத்தில் நின்றேன் என்பதே மறந்துபோய்விட்டது.

முடிந்ததும் வழக்கம்போல ஆராதனைப் பதிவேட்டை எடுத்தேன். தேதி, வந்தவர்கள், வாசித்த பகுதி. 'நடத்தியவர்' என்ற கட்டத்தில் வழக்கம்போல 'அருட்பணி மத்தேயு' என்று எழுதினேன். வீரகத்தி ஐயா வழக்கம்போல அதற்குக் கீழே கையெழுத்து வைத்தார்.

அப்போதுதான் விளங்கியது. பேராயருக்குப் பிரதி எடுத்து அனுப்ப வேண்டிய பதிவேடு இதுதான்.

சபை ஊழியராக வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே பாதர் சொல்லிவைத்தது: "என்ர பேரைப் போடும். இல்லாட்டி குரு வராத கோயில் எண்டு மேலயிருந்து கேள்வி வரும்." சரி, அடக்கமாக இருப்போம் என்று நினைத்தேன். இரண்டு வருடத்துப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் என் கையெழுத்து. எல்லாம் அவர் பெயர். நான் ஒரு ஆராதனைகூட நடத்தவில்லை, பதிவேட்டின்படி.

படித்தவள் செய்கிற வேலையா இது?

ஆகஸ்ட் 13, புதன்

என் கணவர் றஜித்திடம் சொன்னேன். "உம்மட எழுத்துத்தானே? அதுவே சாட்சி" என்றார், வயலுக்குப் போகிற அவசரத்தில். பொய்யை நானே எழுதிவைத்தேன் என்பதற்குத்தான் அது சாட்சி என்று கத்திவிட்டேன். பாவம், தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்.

டிலுசாவின் உடம்பு சுடுகிறது. மூன்று தரம் அளந்து பார்த்தேன். 101.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. இரத்தம் சோதித்தோம். டெங்கு இல்லை. இல்லை என்று எழுதிய தாளை நாலு தரம் வாசித்தேன்.

பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு வட்டக்கச்சிக்குப் போனேன். மாமி நெற்றித் துணியை நனைத்துக்கொண்டே, "பாதர் ஒரு ஞாயிறு போனால் என்ன?" என்று மட்டும் கேட்டார். நான் போகாவிட்டால் இருபத்தாறு பேரும் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் யார் என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இன்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். வீரகத்தி ஐயா பேனாவோடு கொஞ்ச நேரம் நின்றார். கையெழுத்து வைக்காமல் மூடிவிட்டார்.

அதுவும் என் மேல் கோபமாக்கும்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று விடவில்லை. படிவம் எங்கே என்று பாதரிடம் நேரே கேட்டேன். கதிரையில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"நீர் உதவிக்குருவானா உம்மை வேற இடத்துக்கு அனுப்பிப் போடுவினம். பிறகு வட்டக்கச்சியை ஆர் பாக்கிறது? இந்தக் காலோட மூண்டு கோயில் ஓட என்னால ஏலாது பிள்ளை."

அவ்வளவுதான். நான் பெண் என்பதால் இல்லை, பிள்ளை சின்னன் என்பதால் இல்லை. நான் நன்றாக வேலை செய்கிறேன், அதுதான் குற்றம்! அந்த வீங்கிய காலைப் பார்த்தபோது ஆளை வெறுக்கவும் முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். மனிசன் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு லேசு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பின்னேரம் கிளிநொச்சியில் சபைக்குழு. பதிவேட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். செயலாளர் ஜெயரூபி அக்கா புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில உம்மட பேர் ஒரு இடத்திலயும் இல்லையே சுமித்திரா" என்றார். பிள்ளை கொஞ்சம் வளரட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பாதர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரகத்தி ஐயா எழும்பினார். முடிந்தது என்று நினைத்தேன்.

"அவான்ர கையால நான் கிண்ணம் வாங்கிறேல்லை. மனம் வருகுதில்லை. இனியும் வராது போலக் கிடக்கு. ஆனா ரெண்டு வருசமா வட்டக்கச்சியில செபம் சொன்னது அவாதான், பாதரில்லை. உந்தப் புத்தகத்தில பொய்க்குக் கீழ கிழமைக்குக் கிழமை கையெழுத்து வைச்சது நான். போன கிழமையும் இண்டைக்கும் அவா எழுதேல்லை, நானும் வைக்கேல்லை. சாகிறதுக்கு முதல் மிச்சத்தையும் திருத்த வேணும்."



பாதர் மெல்ல எழுந்து, நொண்டிக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்தார். படிவம் ஆராதனை அங்கிகளுக்குக் கீழே கிடந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. அங்கேயே நின்று நிரப்பினார். பதிவேடு பிழை, நடத்தியது நான் என்று தனியாக ஒரு கடிதமும் எழுதினார். அவரும் ஐயாவும் கையெழுத்து வைத்தார்கள்; குழுவின் சம்மதத்தை ஜெயரூபி அக்கா எழுதிச் சேர்த்தார். "மன்னிச்சுக்கொள்ளும்" என்றாரா, அல்லது எனக்கு அப்படிக் கேட்டதா?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பதிவுத் தபாலில் போட்டாயிற்று. டிலுசா இரண்டு இடியப்பம் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

முதல் ஞாயிறு. கிண்ணத்தோடு நின்றேன். கொஞ்சம் எதிர்பார்த்தேன், பொய் ஏன் சொல்ல வேண்டும். வீரகத்தி ஐயா அப்பத்தை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, நேரே வாங்குக்குப் போனார்.

கோபம் வந்தது. வரத்தானே செய்யும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பேராயர் அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.

வட்டக்கச்சியில் இருபத்தொன்பது பேர். டிலுசா அழவில்லை, மாமியின் மடியில் நித்திரையாகிவிட்டாள். முடிந்ததும் பதிவேட்டை எடுத்து, போன மாதக் கடைசிவரை வெறுமையாக விட்டுவந்த அந்தக் கட்டத்தில் முதல்முறையாக 'சுமித்திரா றஜித், சபை ஊழியர்' என்று எழுதினேன். பேனா ஏனோ ஓரத்துக்கே போனது.

வீரகத்தி ஐயா கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

"எழுத்துச் சின்னனாக் கிடக்கு. வாற கிழமை பெரிசா எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு, கீழே கையெழுத்து வைத்தார்.