எனக்கு வந்த மலர்வளையம்

மார்த்தாண்டம்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் பெனிஷுக்கு அப்பா எழுதுவது. நான் சாகவில்லை. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் உன் பெண்டாட்டி ஷைஜாவும் சுகமாகவே இருக்கிறோம், என் சுகர்கூட இந்த மாதம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மஸ்கட்டில் நீயும் சுகம் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ கத்துவாய், பதிலுக்கு நான் கத்துவேன், நடுவில் லைன் போகும், யார் சொன்னதும் யாருக்கும் கேட்காது. அதனால் லீவு முடிந்து நாளைக்கு அங்கே திரும்புகிற டெல்வின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். கூடவே ஏத்தங்காய் சிப்ஸ் இருக்கிறது, கடிதத்தைப் படித்த பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும்.

உனக்கு வந்ததெல்லாம் துண்டு துண்டான சேதி, நடந்ததை முழுதாகக் கேள். ஷைஜா இரண்டு மாதமாக வரைந்த படத்தை முடித்து, போட்டோ எடுத்து, திங்கட்கிழமை காலையில் ‘மாமாவின் மேசை’ என்று எழுதி வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டாள். படத்தில் இருப்பது என் சாமான்கள்தான். ரோட்டோரத்தில் ஒற்றை வாழைக்குலையோடு வியாபாரம் தொடங்கிய காலத்துப் பித்தளைத் தராசு, பைபிள் மேலே மடக்கி வைத்த கண்ணாடி, நின்றுபோன கைக்கடிகாரம், கரண்டு போகும்போது கொளுத்தி முக்கால்வாசி தீர்ந்த மெழுகுதிரி, கறுக்கத் தொடங்கிய ஒரு சீப்பு செந்துளுவன் வாழைப்பழம், சபைப் பீடத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளை லில்லி, அதில் இரண்டு இதழ் உதிர்ந்து கிடக்கிறது. நம்ம பக்கத்தில் ஸ்டேட்டஸில் மெழுகுதிரி வந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். என் தங்கச்சி மகன் யூஜின் அதைப் பார்த்தான், ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ‘மாமாவுக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று குடும்ப குரூப்பில் போட்டுவிட்டான், தீர்ந்தது. அரை மணி நேரத்தில் சபையில் மணியடிக்கிற கோயில்குட்டியார் வீட்டுக்கு வந்து மணி அடிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார், அம்மா மீன் கழுவிக்கொண்டே யாருக்கு என்று கேட்டாளாம், அவர் அப்படியே சைக்கிளைத் திருப்பியிருக்கிறார். எதிர்த் தேங்காய்க் கடை பொன்னுலிங்கம் மலர்வளையமும் கையுமாக வீட்டுக்குப் புறப்பட்டவர், நம்ம கடை திறந்திருப்பதைப் பார்த்து, முதலாளி செத்து கெடக்காரு, கடைய அடைக்கப்பிடாதாலே என்று வேலைக்காரர்களை ஏசிக்கொண்டே உள்ளே வந்தார். நான் குலையைத் தராசில் நிறுத்துக்கொண்டு நின்றேன். வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, ஓய் ராஜையா, செத்த பொறவும் தராச விடமாட்டீரா என்றார். வளையத்தை என்ன செய்ய என்று கேட்டேன். பூக்கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான், நீரே வச்சுக்கிடும், எப்பிடியும் ஒருநாள் வேணுமில்லா என்று கையில் திணித்துவிட்டுப் போனார். குலை தொங்கவிடுகிற கொக்கியில் அதை மாட்டினேன். சாயந்தரம் யூஜின் வீட்டுக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான், ஏலே, எனக்க தாலிய அறுக்கதுக்கு உனக்கு அம்புட்டு அவசரமா என்று அம்மா கேட்ட கேள்வியில் காப்பி குடிக்காமலே ஓடிவிட்டான்.

அதற்குள் உன் போன் வந்தது. என் குரலைக் கேட்டதும் யாரு பேசது என்றாய், செத்தவன்தாம்லே பேசுதேன் என்றேன், நீ சின்னப் பிள்ளை மாதிரி அழுதாய். எனக்காக நீ அழுதது எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. செத்த பிறகு கிடைக்க வேண்டியதை உயிரோடு கைநீட்டி வாங்கிக்கொண்டேன், எத்தனை பேருக்கு அது வாய்க்கும். ஆனால் அழுகை நின்றதும் அந்தப் பயம் முழுவதையும் கோபமாக்கி ஷைஜா தலையில் இறக்கினாயே, அதுதான் சரியில்லை. குடும்பத்துக்குள்ள சாவ வரஞ்சி வச்சவ இனி பிரஷ்ஷத் தொடப்பிடாது என்று நீ சொன்னது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவள் சாயத்தையும் தூரிகையையும் நம்ம பழப்பெட்டியில் அடுக்கி, வாழைநாரால் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். சமையல் நடக்கிறது, துணி துவைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஆனால் வீட்டில் ஒரு சத்தம் குறைந்திருக்கிறது மக்களே.

நான் பழ வியாபாரி, பழத்தைப் பார்த்தால் எனக்கு மணி தெரியும். அந்தச் செந்துளுவன் காலையில் முழு விலைக்குப் போயிருக்கும், சாயந்தரம் மாட்டுக்கும் வேண்டாம். நடுவில் ஒரு பொழுது இருக்கிறது, காம்போரம் கறுப்பேறி, தோல் வெடித்து, தேன் கசிகிற பொழுது. அது வந்தால் நாங்கள் பழத்தின் மேலே சாக்கை இழுத்துப் போடுவோம், அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாமா, நாளைக்கு அழுகப்போற சீப்பு ஒண்ணு வேணும் என்று தினமும் கேட்பாள், இத்தனை வருஷ வியாபாரத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். முதலில் எனக்கும் இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. உட்கார வைத்துக் கேட்டேன், சொன்னாள். நம்ம குளச்சலில் வந்து தோற்றுப்போன டச்சுக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய நாட்டில் நானூறு வருஷத்துக்கு முன்னே பணம் சேர்த்த வியாபாரிகள் வீட்டுச் சுவரில் மாட்ட இந்த மாதிரிப் படங்களைத்தான் கேட்டு வாங்குவார்களாம், மண்டையோடு, மணல் கடிகாரம், அணைந்த திரி, பூச்சி அரித்த இலை. யாரும் பயப்படுவதற்கு இல்லை, பணப்பெட்டியில் இருப்பது சாகும்போது கூடவே வராது என்று ஞாபகம் வைக்க. ஆளை நிறுத்தி உடம்பை வரையப் படிக்க அன்றைக்குப் பெண்களை விடவில்லையாம், சரி, மேசை இருக்கிறதே என்று பூவையும் பழத்தையும் பாத்திரத்தையும் வரைந்தே பெயர் எடுத்தார்களாம். ஒருத்தி பத்துப் பிள்ளை பெற்று எண்பது வயது தாண்டியும் வரைந்து, பேர்பெற்ற ஆண்களுக்கு மேலே விலை வாங்கினாளாம். பெயர் சொன்னாள், என் வாயில் நிற்கவில்லை, விலை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மண்டையோடு ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். மாமாக்க கண்ணாடி மடக்கி இருக்குல்லா, அது போரும் என்றாள். மேசையில் மடக்கி வைத்திருந்த கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் மேசையை இந்த அளவுக்குக் கவனித்துப் பார்த்த ஆள் வேறு யார் இருக்கிறார்கள், நீயா நானா?

இன்னும் ஒன்று. அந்தக் காலத்தில் வேறொருத்தி, வெள்ளிக் கூஜா பளபளப்பில் தன் முகத்தைப் பொடியாக வரைந்து வைப்பாளாம், கவனித்தவனுக்கு மட்டும் தெரியும். அதைக் கேட்டதும் எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நீயும் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார், தராசின் இடது தட்டில். சன்னல், சன்னலுக்கு முன்னால் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், கையில் தூரிகை. ஊரே அந்தப் படத்தைப் பார்த்து என்னைச் சாகடித்தது, அதில் உயிரோடு இருக்கிறவளை ஒருத்தரும் பார்க்கவில்லை.

திருவனந்தபுரத்தில் அடுத்த மாதம் பெண்கள் வரைந்த படங்களுக்கு ஒரு கண்காட்சி, அதை நடத்துகிற டீச்சரும் அந்த ஸ்டேட்டஸைப் பார்த்திருக்கிறார். நேற்று காரில் வந்து படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார், விலைக்கும் கேட்டார். எடுத்துப் போக வண்டி செவ்வாய்க்கிழமை வரும். நான் எவ்வளவோ சொல்லியும் ஷைஜா அந்தப் பழப்பெட்டியைத் திறக்கவில்லை. மாமா சொன்னா போராது, நிறுத்தச் சொன்ன வாய்தான் வரையச் சொல்லணும், வரஞ்சதுக்கு நான் யாருகிட்டயும் மன்னிப்பும் கேக்கமாட்டேன் என்கிறாள். எனக்கு அந்த முறுக்குப் பிடித்திருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு தடவையாவது ஏதோ காரணம் சொல்லிக் கடைக்கு வந்து அந்த மலர்வளையத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள். ரோஜா ஓரம் சுருங்கிவிட்டது, பச்சை ஓலை மஞ்சளாகிறது, இன்னும் இரண்டு மூன்று நாளில் குப்பைக்குத்தான் போகும். அதை வரைய அவள் கை துறுதுறுப்பது எனக்குத் தெரிகிறது. அவளுக்காகத்தான் அதைக் கொக்கியிலிருந்து எடுக்காமல் வைத்திருக்கிறேன், வாங்க வருகிறவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வெயிலில் நின்று வேலை பார்க்காதே, மோர் குடி, வட்டிக்கு யாருக்கும் ஜாமீன் நிற்காதே. ஆண்டவர் உன்னை வாடாமல் வைக்கட்டும், அம்மாவும் அதையே கேட்டு ஜெபிக்கிறாள். கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே ஷைஜாவுக்குப் போன் போடு, எனக்குப் போட வேண்டாம். டீச்சரிடம் நான் பேசி முடித்திருப்பது இதுதான்: படம் மூன்று வாரம் அங்கே இருக்கும், போக வர வண்டிச் செலவு அவர்களுடையது, கீறல் விழுந்தால் பொறுப்பும் அவர்களுடையது, அடியில் ஷைஜாவின் பெயர் மட்டும் இருக்கும், நான் இருக்கும்வரை விற்பனைக்கு இல்லை, நான் போன பிறகு விலையை அவள் சொல்வாள், நீ நடுவில் வாயைத் திறக்கக்கூடாது.

இப்படிக்கு,
இன்றைக்கும் கடை திறந்த உன் அப்பா,
ராஜையன்