மூன்று பேர் தூக்கிய கதவு

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் சுகமாயிரு என்று கோபத்தோடுதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. அக்கா குழந்தைக்குப் பல் முளைத்து எல்லாரையும் கடித்து வைக்கிறது.

போன வாரம் சட்டக் கல்லூரியில் ஆள் எடுக்கும் நாள். எங்கள் இலவச சட்ட உதவி மையத்துக்கு இந்த வருடம் ஒரே ஒரு ஃபெல்லோஷிப்தான், படிப்பு முடித்த ஒரு பிள்ளையை ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம். வீட்டை விட்டுத் துரத்தப்படுகிற நாற்பது குடும்பங்களின் வழக்கு அந்த ஒரு பிள்ளையை நம்பித்தான் கிடக்கிறது. குமாஸ்தா நான்தானே, மேசையில் உட்கார்ந்தேன். பெரிய கம்பெனிகளுக்கு நடு ஹால், காபி, பை, பேனா; எங்களுக்குக் கழிப்பறை வாசல். வந்தவர்களில் பாதிப்பேர் ஆன்ட்டி, பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேட்க வந்தவர்கள். மீதிப்பேர், இங்க ஒரு வருஷம் இருந்தா அப்புறம் கம்பெனில மதிப்பு கூடுமான்னு கூசாமல் கேட்டார்கள். தூ என்று ஆகிவிட்டது. ஒரே ஒருத்தி மட்டும், தையற்காரர் மகளாம், வாய்தா அன்னிக்குக் கட்சிக்காரங்க வரலன்னா என்ன பண்ணுவீங்க, நானா இருந்தா வீட்டுக்கே போய்க் கூட்டிட்டு வந்துடுவேன்னு சொன்னாள். அடி என் தங்கமே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவளைத்தான் விண்ணப்பத்தோடு கொடுத்த கட்டுரை சுமார் என்று தள்ளிவிட்டார்கள். எடுத்தது ஒரு டாக்டர் வீட்டுப் பிள்ளையை. அவன் கட்டுரையைப் படித்து எங்கள் இயக்குநரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூட்ட வருகிறவர்கள் எதைப் பூட்டுவார்கள் பார்ப்போம் என்று, வீட்டுக் கதவையே கழற்றி எங்கள் ஆபீசுக்குச் சுமந்து வந்த சலவைக்காரம்மாவின் கதை. கதவின் மறுமுனையைத் தான் பிடித்து வந்தானாம், மூன்று நாள் இடுப்பு பிடித்துக்கொண்டதாம். இருபத்திரண்டு வயது இடுப்பு! மறுமுனையைப் பிடித்தது நான்டா. மற்ற விண்ணப்பங்களையும் எடுத்துப் புரட்டினால் இன்னும் இரண்டு பேர் அதே கதவைத் தூக்கியிருக்கிறார்கள், அவர்களுக்கும் இடுப்பு பிடித்திருக்கிறது. விண்ணப்பங்களை மூன்று கட்டாகப் பிரித்து ஆளுக்கொரு பங்கு படித்ததால் தேர்வுக் குழுவில் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கதையை, என் இடுப்பு உட்பட, நான் எழுதி அனுப்பியது உனக்கு மட்டும்தான். மாணவர்களுக்கு விண்ணப்பம் திருத்தித் தரும் ஆபீசில் வேலை என்றாயே, திருத்துவது என்றால் இதுதானா? எந்த ஊருக்கு, எந்த மேசைக்குப் போகிறது என்றுகூடப் பார்க்காமல் விற்றிருக்கிறாய். அந்த அம்மா பட்ட பாட்டை மூன்று பேருக்குக் கூறுபோட்டுக் கொடுத்திருக்கிறாய். அருவருப்பாக இருக்கிறது. என் பிள்ளை எழுதினால் கல்லும் கரையும் என்று பீற்றிக்கொண்ட என் வாயை நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

நாளைக் காலை நியமனத்தில் கையெழுத்தாகிறது. அதற்குமுன் மூன்று கட்டுரைகளையும் இயக்குநரம்மா மேசையில் வைப்பேன். யார் எழுதினது என்று கேட்பார், என் மகன் என்று சொல்வேன். பையன் வேலை போயிடும், பேரை மட்டும் விட்டுடேன்னு அப்பா கெஞ்சுகிறார். விடமாட்டேன். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் சொல்லி முடித்திருப்பேன்.

இருமலை இழுத்தடிக்காமல் டாக்டரைப் பார். எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, அதில் எனக்குக் குறையே இல்லை. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்: அப்பா கால், அக்கா குழந்தை எல்லாம் வழக்கம்போல் எழுதுவேன், என் ஆபீசுக்கு வருகிறவர்களைப் பற்றி உனக்கு இனி ஒரு வரி எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா